மைக்ரோவேவ் உட்கார்ந்த நாற்காலி

மைக்ரோவேவ் வந்த பத்தொன்பதாம் நாள் காலையில், நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்த சர்வேயர் மெல்லச் சுழலத் தொடங்கினார். நிமிடத்துக்கு ஆறு சுற்று. அவசரமும் இல்லை, தள்ளாட்டமும் இல்லை. ஒரு நாள் வலப்பக்கமாகச் சுற்றுவார், மறுநாள் இடப்பக்கமாக. எந்தப் பக்கம் என்பது முதல் வாய் உள்ளே போகும்வரை அவருக்கே தெரியாது. கையிலிருந்த தட்டு இரண்டு நிமிடத்தில் ஓரமெல்லாம் கொதித்தது, நடுவில் ஆறியே கிடந்தது. சாப்பிட்டு முடித்ததும் அவர் நெஞ்சுக்குள்ளிருந்து மூன்று முறை பீப் என்று சத்தம் வந்தது. அவர் மனைவி, "ஆச்சா?" என்று கேட்டுத் தட்டை வாங்கிக்கொண்டாள்.

இதற்கெல்லாம் மூல காரணம் மச்சினன். மனைவியின் தம்பியான அவர் வேலை பார்த்த டயர் கம்பெனியின் குலுக்கலில் அந்த மைக்ரோவேவ் விழுந்தது. அவர் வீட்டில் அதை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா வீடு என்று ஒன்று இருக்கவே இருக்கிறது. சுமந்து வந்த ஆட்கள் இருவரும் மூச்சு வாங்க, ரெண்டு நிமிஷம் இங்கே இருக்கட்டும் என்று சமையலறைக் கதவை ஒட்டிய நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்கள். அது சர்வேயருடைய நாற்காலி. வீட்டில் மூன்று பேர், மேசைக்கு மூன்று நாற்காலி. நாலாவது போட்டால் ஃப்ரிட்ஜ் கதவு திறக்காது என்று மகள் பிறந்த வருஷம் அளந்து தீர்ப்புச் சொன்னவரே அவர்தான். மனைவி நாற்காலியிலோ மகள் நாற்காலியிலோ உட்காரலாமே என்றால், மாட்டார். அடுத்தவர் இடத்தில் உட்காருவது அவர் அகராதியில் ஆக்கிரமிப்பு. இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் எல்லைக்கல் நட்டவர், தன் வீட்டில் எல்லை தாண்டுவாரா? ஆகவே நின்றார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை இதுதானா என்று கேட்டு மகள் சிரித்தாள். அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

முதல் மாதம் சில சேதங்கள் ஏற்பட்டன. ஸ்டீல் கரண்டியைக் கையில் கொடுத்ததில் நீலப் பொறி பறந்து அவர் மீசையின் ஒரு பக்கம் கருகியது. முட்டையைக் கொஞ்சம் பிடிங்கப்பா என்று மகள் கொடுக்க, அது வெடித்துக் கூரைவரை போனது. டாக்டர் வந்து ரத்தக் கொதிப்பைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, உலோகப் பாத்திரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு பீங்கான் தட்டு வந்தது. சுவரில் தெறிக்கக் கூடாதென்று மனைவி அதன்மேல் ஒரு மூடியும் போட்டாள்; அவர் மூடியைத் தூக்கித் தூக்கிச் சாப்பிட்டார். கீழ்வீட்டுப் பெண் குழந்தைக்குப் பால் சூடு பண்ண அவரிடம் கொண்டுவந்து நீட்டத் தொடங்கினாள். கரண்ட் போனாலும் உங்க வீட்டுல வேலை நடக்குதுங்க என்று அவள் மெச்சியபோது அவருக்கு எரிச்சலாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நிஜ மைக்ரோவேவ் மட்டும் நாற்காலியில் கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்திருந்தது. இடம் முடிவாகாமல் அதன் பிளக்கை எங்கே செருகுவது?

சர்வேயருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்காக இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு சமையலறையை அளந்து, பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் வரைபடம் போட்டு மனைவியிடம் கொடுத்தார். ஃப்ரிட்ஜ் தலையில் வைக்கலாம் என்றார். கொதிக்கிற சூப்பைத் தலைக்குமேல் இருந்து இறக்க நான் என்ன சர்க்கஸ்காரியா என்று அவள் கேட்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் தெறிக்கும். வாஷிங்மெஷின்மேல் வைத்தால் துணி துவைக்கிற நாளில் அதுவும் சேர்ந்து ஆடும். அலமாரிக்குள் வைத்தால் மூச்சு முட்டும்; பக்கத்துக்கு மூன்று அங்குலம் காற்றோட்டம் விட வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. தரை? தரையில் வைத்தால் குனிந்து குனிந்து இடுப்பு போகும். அவள் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், எதையும் ஊடுருவிப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்களே, அப்படியாகிவிட்டது விஷயம். வருஷங்கள் போயின. மகள் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரிக்கும் போனாள். சர்வேயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

இருபத்தேழாவது வரைபடத்தில்தான் அந்தக் குறை கண்ணில் பட்டது. வெளிச்சுவர்ப்படி சமையலறையின் நீளம் பதினோரு அடி. உள்ளே சமையல் மேடையைத் துண்டுதுண்டாக அளந்து கூட்டினால் ஒன்பதுதான் வந்தது. டேப்பை மாற்றினார், ஒன்பது. அலுவலகச் சங்கிலியைக் கொண்டுவந்து போட்டார், ஒன்பது. அடுப்பு, தொட்டி, காய்கறி நறுக்கும் இடம், பிறகு ஜன்னல். ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே இருக்க வேண்டிய இரண்டடி இல்லை. அங்கே போய் நின்றால் கண்ணுக்கு ஏதோ தெரிகிறமாதிரி இருக்கும். டேப்பை நீட்டினால் நழுவிவிடும். ஒரு சர்வேயர் இந்த நிலைமையில் என்ன நினைப்பாரோ அதையே அவரும் நினைத்தார். பின்வீட்டுக்காரர் சுவரை நகர்த்திவிட்டார். பின்வீட்டில் இருந்தவர் ஒரு கணக்கு வாத்தியார், பூனைக்குக்கூட வணக்கம் சொல்கிற மனுஷர். அவருக்கு முறைப்படி நோட்டீஸ் போயிற்று. வாத்தியார் தன் வீட்டை மூன்று முறை அளந்து, எனக்கு எதுவும் மிச்சமில்லை என்று விடை எழுதி, கீழே சரிபார்க்கப்பட்டது என்றும் குறித்து அனுப்பினார். அதற்குப்பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. ஊர் நிலமெல்லாம் ஒரு அங்குலம் பிசகாமல் அளந்த கைக்கு இது பெரிய அவமானம். நாற்காலியும் போச்சு, இப்போது இரண்டடியும் போச்சு என்று சர்வேயர் சுற்றியபடியே புலம்பினார்.

ஒரு நாள் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கு அளக்கப் போன இடத்தில், சங்கிலியைப் பிரிக்குமுன்பே அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுது சமாதானமாகிவிட்டார்கள். வேலையில்லாமல் போன சர்வேயர் வழக்கத்துக்கு மாறாக மாலை ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தார். சமையலறையில் ஜன்னல் பக்கம் அவர் மனைவி மேடைமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். செருப்பு கீழே கிடந்தது, கால் தொங்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஆறிப்போன டீ. ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே அவள் உட்கார்ந்திருந்த இடம் சரியாக இரண்டடி. அவர் கை தானாக டேப்பை உருவியது. அன்றைக்கு அது நழுவவில்லை. மைக்ரோவேவ் பதினெட்டு அங்குலம், பக்கத்துக்கு மூன்று அங்குலம் காற்றோட்டம். கூட்டினால் இருபத்து நாலு. தலைக்கு நேரே பிளக் பாயிண்ட்கூட இருந்தது. கதவோரத்து நாற்காலியை அவர் திரும்பிப் பார்த்தார். ஆறு வருஷம்.

"இதைத்தான் நான் இத்தனை நாளா தேடினேன்" என்றார்.

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா இதையும் அளந்துடுவீங்க." அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே பேசினாள். "காலைல இருந்து வர்றவங்க வாயெல்லாம் திற திறன்னு சொல்லி எக்ஸ்ரே எடுக்கறேன். வந்ததும் இங்க ஒரு பத்து நிமிஷம் உக்காருவேன். அந்தப் பத்து நிமிஷம் யார் வாயும் வேண்டாம் எனக்கு."

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று எத்தனையோ வீட்டு வாசலில் நின்று, வேலியைத் தள்ளிப் போட்டவர்களுக்குச் சர்வேயரே சொல்லியிருக்கிறார். அது அடுப்படிக்கும் பொருந்தும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது. டேப்பின் பொத்தானை அழுத்தினார். அது சர்ரென்று உள்ளே போயிற்று. அதைப் பையில் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல், அங்கேயே நின்றார். சிறிது நேரம் கழித்து அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அவர் ஏறி உட்கார்ந்தார். டேப் பையில் இருந்ததால் இடம் எவ்வளவு இருந்தது என்று சொல்வதற்கில்லை. இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது. அவர் சுற்றவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரே ஜன்னலை ஒரு முழு நிமிடம் பார்த்தார். அவள் ஆறின டீயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மூன்று முறை பீப் என்று கேட்டதும் வாங்கிக் குடித்துப் பார்த்தாள்.

"நடுவுல ஆறியேதான் இருக்கு. இன்னொரு முப்பது செகண்ட் புடிங்க."

மறுநாள் கணக்கு வாத்தியாருக்கு ஒரு கடிதம் போயிற்று: என் வீட்டில் குறைந்த இரண்டடி என் வீட்டிலேயே இருப்பது தெரியவந்தது, மன்னிக்கவும். வாத்தியார் அதைச் சரிபார்த்து, கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினார். இருபத்தெட்டாவது வரைபடத்தில் சர்வேயர் சமையலறையின் நீளத்தைப் பதினோரு அடி என்றும், மேடையின் நீளத்தை ஒன்பது என்றும் போட்டு, வித்தியாசத்துக்கு நேரே ஒன்றும் எழுதாமல் விட்டார். அவர் தொழில் வாழ்க்கையில் அவர் தெரிந்தே செய்த பிழை அது ஒன்றுதான். சாப்பாடு முன்போலவே நின்றுகொண்டு, சுற்றிக்கொண்டு. மாலை ஐந்தே முக்காலுக்கு மட்டும் உட்கார இடம் இருந்தது. அது அவருக்குப் போதும்.

மச்சினன் ஒரு மதியம் சாப்பிட வந்தார். அக்காவும் மகளும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர் உட்கார இடம் தேடி, மைக்ரோவேவைத் தூக்கிக் கீழே வைக்கக் குனிந்தார். இன்னும் அட்டைப்பெட்டி வாசனைகூடப் போகலையே, ஒரு நாளாவது போட்டீர்களா என்று கேட்டார்.

"அது அங்கயே இருக்கட்டும் மச்சான்" என்றார் சர்வேயர், இடமிருந்து வலமாகத் திரும்பியபடி. "எங்க வைக்கிறதுன்னு இன்னும் முடிவு பண்ணல."

ஆகவே மச்சினனும் தட்டை வாங்கிக்கொண்டு நின்றே சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்குள் அவரும் மெல்லச் சுழல ஆரம்பித்தார், வலமிருந்து இடமாக. ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல் இருக்க, மகள் மேசையைக் கொஞ்சம் நகர்த்தினாள். அக்கா எழுந்துபோய் இன்னொரு மூடி எடுத்துவந்து தம்பியின் தட்டை மூடினாள்.