காலியாக விட்ட கட்டம்

ஈர வயலில் அவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், எல்லாருக்கும் முதுகு மட்டும்தான், தலையில் கறுப்பு முக்காடு, ஒருத்தியின் கை அடுத்தவள் தோளில், பெய்கிறது என்றும் பெய்யவில்லை என்றும் சொல்ல முடியாத ஒரு மழை, எனக்கு முன்னால் நிற்பவள் என் அம்மா, அவள் தோள் ஆடுவதை வைத்தே எனக்குத் தெரிகிறது, தொட்டால் அந்த ஆட்டம் என் உள்ளங்கைக்குள் ஏறிவிடும் என்று தொடாமல் நிற்கிறேன், அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் தோளில் விழுகிறது, யார் என்று எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் திரும்ப முடியவில்லை, கழுத்து மரமாகிவிடுகிறது, கத்தப் பார்க்கிறேன், விழித்துக்கொள்கிறேன். விழித்ததும் முதலில் பார்ப்பது இடது கட்டைவிரலை, போர்வையின் மேல் சும்மா கிடக்கிறதா, யாரோ கூப்பிட்டது போல் துள்ளுகிறதா, இன்று சும்மா கிடக்கிறது, போன வாரம் பேருந்தில் துள்ளியது, பைக்கு அடியில் மறைத்துக்கொண்டேன். சுவருக்கு அப்பால் ஜெனிட்டா இருமுகிறாள், என் மகள், அயர்லாந்தில் லிமெரிக் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ், வயிற்றில் பிள்ளை, துணைக்கு வாம்மா என்று டிக்கெட் எடுத்து அனுப்பி என்னைத் திருச்சியிலிருந்து வரவழைத்தவள், பிரசவத்துக்கு மாதக்கணக்கில் இருக்கும்போது எதற்கு இத்தனை அவசரம் என்று நான் கேட்கவில்லை, கேட்காததற்குக் காரணம் இந்த நாட்டில் எனக்கும் ஒரு வேலை இருந்தது.

அம்மாவுக்கு அது விரல்களில்தான் தொடங்கியது, பொன்மலைக் கோவிலில் பூசை நேரத்தில் பெஞ்சின் விளிம்பில் அவள் விரல்கள் தாமாக ஓடும், பக்கத்தில் இருப்பவர்கள் எலன் மனசுக்குள் ஜெபமாலை சொல்கிறாள் என்று நினைத்தார்கள், பிறகு தோள், பிறகு நடை, ரயில்வே ஒர்க்‌ஷாப் விடும் நேரத்தில் கடைக்குப் போனால் சைக்கிளில் வருகிறவர்கள், என்ன எலன் அக்கா இன்னிக்குச் சீக்கிரமே ஏத்தியாச்சா என்று சிரிப்பார்கள், கிறிஸ்துமஸ் ஒயினைக்கூடத் தொடாதவள் அவள், அவர்களோடு சேர்ந்து அவளும் சிரிப்பாள், அந்தச் சிரிப்பு முகத்தில் நிற்காமல் ஒரு பக்கமாக வழுக்கிப் போகும். நான் அவளுக்குச் சோறு ஊட்டுகிறேன், எனக்குப் பதினைந்து வயது, அவள் கை கரண்டியைத் தட்டிவிடுகிறது, அவள் இல்லை, அவள் கை, கண்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன, அப்பா துண்டால் அவளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டுகிறார், விழாமல் இருக்கத்தான், கட்டிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நிற்கிறார், நாற்காலியின் கால்கள் தரையில் தட்டும் சத்தம் மட்டும் வீடு முழுக்கக் கேட்கிறது, இப்போதும் கேட்கிறது, இந்த ஊர் ஹீட்டர் சூடேறும்போது அதே சத்தம்தான் போடுகிறது. இது வழிவழியா வர்ற நோயா இருக்கலாம்மா என்றார் பிற்பாடு நான் பார்த்த ஒரு டாக்டர், அப்படின்னா உங்களுக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, வேற ஏதாவதுன்னா அவங்களோட போச்சு, ரத்தத்துலயே பாத்துரலாம், பாக்கலாமா. நான் பர்ஸை மறந்து வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து வந்தேன், அதன் பிறகு அந்தத் தெருவுக்கே போகவில்லை, ரத்தம் கேட்டதும் பதில் சொல்லிவிடும், காகிதம் அப்படி இல்லை, காகிதத்திடம் மெதுவாகக் கேட்கலாம், வேண்டிய பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

அம்மாவின் தாத்தா தாமஸ் கினேன் அயர்லாந்துக்காரர், கிளேர் மாவட்டத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை, ரயில்வே கார்டாகத் திருச்சிக்கு வந்து தமிழ்ப் பெண்ணைக் கட்டி, பிளேக்கில் இளமையிலேயே போய்விட்டவர், அவருடைய ஒரே மகன், என் தாத்தா, முப்பத்தெட்டு வயதில் ஓடும் ரயிலிலிருந்து விழுந்தார், தவறி விழுந்தாரா, கால் ஆடி விழுந்தாரா, பார்த்தவர்கள் யாரும் இல்லை. இருவரும் வயதாகும் முன்பே செத்ததால் அவர்கள் உடம்பில் என்ன இருந்தது என்று தெரியாது, ஆனால் தாமஸின் அம்மாவும் தங்கையும் இங்கேயே இருந்தார்கள், அவர்கள் கை ஆடாமல் கிழவிகளாகிச் செத்திருந்தால் அம்மாவின் நோய் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததில்லை என்று நான் நம்பலாம், அம்மாவின் தாய்வழியில் கை ஆடியவர்கள் யாரும் இல்லை, நம்பினால் தூங்கலாம். அதற்காகத்தான் ஜெனிட்டா வேலைக்குப் போனதும் நான் பேருந்து ஏறுகிறேன், கோவில் பதிவேட்டில் லத்தீனில் தாமஸின் ஞானஸ்நானத்தைப் பார்த்தேன், அப்பா பெயர், அம்மா பெயர் ஹொனோரா, ஞானப்பெற்றோர், பிறகு நில வரிக் குறிப்புகள், இந்த நாட்டில் நிலம் கை மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை வேறு நிற மையில் எழுதியிருக்கிறார்கள், ஹொனோராவின் கணவர் பெயரை நீலம் அடித்திருந்தது, ஹொனோராவைச் சிவப்பு அடித்திருந்தது, அதற்கு மேல் கினேன் என்று யாரும் இல்லை, பக்கத்து நிலத்துக்காரர் பெயர் பச்சையில் வந்து உட்கார்ந்துகொண்டது, அந்த நிறங்களைப் பார்க்கப் பார்க்க யாரோ ஒரு குடும்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துக்கொண்டே வந்தது போல இருந்தது. கடைசியில் நூலகத்தில் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டுத் தலைவி ஹொனோரா, வயது அறுபத்து மூன்று, மகள் பிரிஜிட், வயது முப்பத்தொன்பது, இருவருக்கும் எதிரே கடைசிக் கட்டம், செவிடா, ஊமையா, குருடா, புத்தி மந்தமா, பித்தா என்று கேட்கும் கட்டம், காலியாக இருந்தது. காலி. அந்த வெள்ளை இடத்தை விரலால் தடவினேன், கணினித் திரை என்பதுகூட மறந்துவிட்டது.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு கோவில் அலுவலகத்துக்கு ஓடினேன், அங்கே பதிவேடுகளைப் பார்த்துக்கொள்வது மேவ், ஓய்வுபெற்ற தபால்காரி, என்னைவிடச் சிவந்த கன்னம், அவள் பேசுகிற ஆங்கிலம் எனக்குள் விழும்போது நம் ஊர்ப் பேச்சாகத்தான் விழுகிறது, வாடி கண்ணு, முகம் என்ன இப்படிப் பிரகாசமா இருக்கு, லாட்டரி விழுந்துச்சா என்றாள். நான் காலிக் கட்டத்தைக் காட்டினேன், பாருங்கள், யாருக்கும் எதுவும் இல்லை என்றேன். அவள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள், பிறகு சிரித்தாள், கெட்ட சிரிப்பு இல்லை, அட பைத்தியமே, இந்தத் தாளை வீடு வீடா வந்து வாங்கிட்டுப் போனது யார்னு நினைச்ச, பிரிட்டிஷ் அரசாங்கத்துப் போலீஸ்காரன், அந்தக் காலத்துல போலீஸ்காரன்கிட்ட எங்க ஆளுங்க வீட்டுல எத்தனை கோழி இருக்குன்னுகூட உண்மையைச் சொன்னதில்ல, எங்க குடும்பத்துலயே தாத்தாவோட அண்ணன் ஒருத்தர் இருபது வருஷம் மாடி அறையை விட்டு இறங்கல, அந்தத் தாள்ல அவர் நல்லா உழுதுக்கிட்டு இருக்கார், கீழ கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணுங்க நாலு பேர், பின்ன என்ன எழுதுவாங்க. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள், நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா என்றாள், தேநீர் போடுகிறேன் என்றாள், எனக்குக் கேட்கவில்லை, நான் பொன்மலைக் கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன், அம்மாவை மூடிய மண் ஈரமாக இருக்கிறது, அப்பா பங்குச் சாமியாரைத் தனியே அழைத்துப் போகிறார், காய்ச்சல்னு போட்ருங்க சாமி, வீட்ல பொம்பளைப் பிள்ளை இருக்கு, நாளைக்கு எவன் வந்து கட்டுவான், சாமியார் என்னை ஒரு தடவை பார்க்கிறார், தலையை அசைக்கிறார். காய்ச்சல் என்று எழுதிய அந்தப் பதிவைக் காட்டித்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது, அதே காய்ச்சலைத்தான் நான் ஜெனிட்டாவுக்கும் சொல்லி வளர்த்தேன், நூறு வருடம் கழித்து ஒருத்தி பொன்மலைக்கு வந்து அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்து நிம்மதியாக மூச்சு விடுவாள், நான் விட்டேனே அது போல.

பேருந்து ஜன்னலில் வயல்கள் வருகின்றன, தாழ்ந்த கல் சுவர்கள், சுவருக்குள் சுவர், யாரோ முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், இல்லை, புதர், வீட்டுக்குள் நுழையும்போது மத்தியானம், ஜெனிட்டா அன்று பகல் ஷிஃப்ட் இல்லாததால் சமையலறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், எங்க போற தினமும், உன் அயர்லாந்துக் கிழவிங்களைத் தேடியா என்றாள், சும்மாதான், கோவிலுக்கு என்றேன், உக்காரும்மா என்றாள், நான் உட்கார்ந்தேன், இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன், அவள் பார்த்தாள், ஏர்போர்ட்லயே பார்த்தேன் மா, உன் விரலை, கையை வெளியில எடு. நான் எடுக்கவில்லை. பாட்டிக்குக் காய்ச்சல் இல்லைன்னு எனக்குத் தெரியும் என்றாள், நர்சிங் படிக்கும்போதே உன் தம்பி, சின்ன மாமா, சொல்லிட்டார், நீயா சொல்வேன்னு காத்துக்கிட்டே இருந்தேன், இங்க டாக்டர் என் ரத்தத்தைக் கேக்குறாங்க, நான் இன்னும் கொடுக்கல. காரணத்தையும் அவளே சொன்னாள், என் ரத்தத்துல அது இருந்தா உன்கிட்டயும் இருக்குன்னுதானே அர்த்தம், நீ தெரிஞ்சுக்க வேணாம்னு ஓடிட்டிருக்க, உன்னைக் கேக்காம நான் எப்படிக் கொடுப்பேன், போன்ல கேக்குற விஷயமா இது, அதுக்குத்தான் டிக்கெட் போட்டேன், வந்ததுல இருந்து கேக்க வாயைத் திறக்குறேன், நீ பஸ் ஏறிடற. பூண்டுத் தோல் மேசையெல்லாம் பறந்து கிடந்தது, அவள் வயிறு மேசை விளிம்பில் லேசாக முட்டிக்கொண்டிருந்தது, இத்தனை நாளும் ஒரே வீட்டுக்குள் நான் அவளுக்குப் பயந்தும் அவள் எனக்குப் பயந்தும் நடமாடியிருக்கிறோம்.

எனக்கு இல்லையென்றால் உனக்கு இல்லை, இல்லையா என்றேன், ஆமாம்மா, உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல, இதுக்கும் இல்ல என்று வயிற்றைத் தொட்டாள், இருந்தா அப்புறம் பார்த்துக்கலாம். நீ கொடுக்காதே என்றேன், என் குரல் எங்கேயோ கேட்டது, நான் கொடுக்கிறேன், சொல்லிக்கொண்டே ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் சுருட்டத் தொடங்கியிருந்தேன், ஜெனிட்டா அழுதுகொண்டே சிரித்தாள், ஐயோ மா, இப்பவேவா, பூண்டுக் கத்தியில எடுக்கச் சொல்றியா, முதல்ல உன்னை உக்கார வச்சுப் பேசுவாங்க, திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பேசுவாங்க, அப்புறம்தான் ஊசி. ஆனாலும் நான் சுருட்டியதை இறக்கவில்லை, இறக்கினால் திரும்பவும் பேருந்து ஏறிவிடுவேன் என்று பயமாக இருந்தது, வெறும் கையை மேசை மேல் நீட்டி வைத்தேன், விரல் துள்ளியது, இருவரும் பார்த்தோம். அவள் எழுந்து என் பின்னால் வந்தாள், தோளில் கை வைத்தாள், கனமான, வெதுவெதுப்பான, பூண்டு வாசம் அடிக்கும் கை, பயமா இருக்கா என்றாள், இருக்கு என்றேன், எனக்கும் மா என்றாள், நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.