ஏழாம் மேடைக்குப் போய்விட்டு வாருங்கள்

பேருந்து நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில் உட்காரும் குமாஸ்தாவுக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் 'வாங்க சார்'. யாருக்கு வழி சொன்னாலும் "போயிட்டு வாங்க" என்று முடித்துத்தான் அனுப்புவார். வெறும் "போங்க" அவர் வாயில் வந்ததே இல்லை. விரட்டுகிற மாதிரி இருக்கும் என்பார்.

அந்த வாரம்தான் கவுண்டரில் மொழிபெயர்ப்புப் பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். மொழி தெரியாத பயணிகள் வழி தெரியாமல் அல்லாடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. நாம் பேசினால் அது அவர்கள் மொழியில் சொல்லும். அவர்கள் பேசினால் நம் மொழியில். குமாஸ்தாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. காலையிலிருந்து அதை நாலு தடவை துடைத்துவிட்டார்.

ஒன்றரை மணி வண்டிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது ஒரு வயதான அம்மா துணிப்பையோடு வந்து நின்றார். ஊர் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. அவர் பேசியதைப் பெட்டி சொன்னது: "பெரிய மருத்துவமனைக்குப் பேருந்து எங்கே? நான்கு மணிக்கு என் மகளுக்கு அறுவை சிகிச்சை. அதற்குள் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்."

"ஏழாம் நம்பர் மேடைம்மா. ஒரு மணி நேரத்துல இறங்கிடலாம். போயிட்டு வாங்க."

அந்த அம்மா விடுவிடுவென்று போனார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், வரிசையில் நின்று மறுபடி கவுண்டருக்கே வந்துவிட்டார். அதற்குள் வண்டி கிளம்பியிருந்தது. மேடை தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்த குமாஸ்தா, கையை நீட்டிக் காட்டி, இன்னும் பணிவாகவே சொன்னார்: "அதோ, அங்கதாம்மா. போயிட்டு வாங்க." இரண்டு மணி வண்டியும் போயிற்று. அந்த அம்மா திரும்பவும் எதிரே நின்றார், கண் கலங்கி.

அடுத்தது இரண்டரை மணி வண்டி. அதையும் விட்டால் மகளை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். குமாஸ்தாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னம்மா இது, வண்டி கண்ணு முன்னாடி நிக்குது, ஏறாம திரும்பத் திரும்ப இங்க வந்து நிக்கிறீங்களே?"

அந்த அம்மாவின் பதிலைப் பெட்டி நிதானமாகச் சொன்னது: "நீங்கள்தானே போய்விட்டுத் திரும்பி வரச் சொன்னீர்கள். இரண்டு முறையும் வந்துவிட்டேன். அடுத்து என்ன செய்ய வேண்டும்?"

குமாஸ்தாவுக்குச் சுரீரென்றது. பக்கத்துக் கவுண்டரில் டிக்கெட் கொடுக்கும் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"சார், வெறுமனே போங்கன்னு சொல்லித் தொலைங்களேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போறவங்கள எப்படிம்மா அப்படிச் சொல்றது?"

மணி இரண்டு இருபத்தைந்து. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பெட்டியிடம் குனிந்தார்.

"ஏழாம் மேடைக்குப் போங்க. வண்டியில ஏறுங்க. திரும்பி வராதீங்க."

வரிசையில் நின்ற ஒருவர் கொதித்துப்போனார். "பெத்த பொண்ணப் பார்க்கப் போறவங்ககிட்ட பேசுற பேச்சாய்யா இது?"

அந்த அம்மாவோ முகம் மலர்ந்து, பையை இடுக்கிக்கொண்டு ஓடினார்.

குமாஸ்தாவால் உட்கார முடியவில்லை. சொன்ன வார்த்தை நெஞ்சை அறுத்தது. கவுண்டரை அப்படியே விட்டுவிட்டு ஏழாம் மேடைக்கு ஓடினார். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்த அம்மா கையை ஆட்டினார். குமாஸ்தாவும் வாய் திறக்காமல் கையை மட்டும் ஆட்டினார்.

வண்டி வாசலைத் தாண்டித் திரும்பிய பிறகு, பெட்டிக்குக் கேட்காத அந்த இடத்தில் நின்று சொன்னார்:

"போயிட்டு வாங்கம்மா. பொண்ணையும் கூட்டிட்டு வாங்க."