பெர்னிஸ் போட்ட ஓட்டு

ஓட்டு இயந்திரத்தின் பச்சைத் திரைக்குக் கீழே மனுஷனுடைய கால் மட்டும்தான் தெரியும். காசிமிர் நோர்கஸுக்கு அது போதும். கட்சிக்காரன் உள்ளே போனால், கட்சி நிறுத்தியவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஓட்டு விழுகிற பெரிய லீவரை ஒரே இழுப்பு, வெளியே வந்துவிடுவான். கால் உள்ளேயே நின்று இப்படியும் அப்படியும் நகர்ந்தால், ஆள் பேர் பேராகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். வருஷக்கணக்காக இந்தத் தெருவுக்கு வட்டச் செயலாளராக இருப்பவன், காலைப் பார்த்தே ஓட்டைச் சொல்லிவிடுவான்.

1968 நவம்பரில், பக்கத்து வீட்டுக் கார் ஷெட்டில் போட்டிருந்த அந்தப் பூத்தில், காலையிலிருந்து நகர்கிற கால்களாகவே வந்துகொண்டிருந்தன.

சிகாகோவில் இந்த லிதுவேனியர் தெருவில் கட்சி தோற்றதாகச் சரித்திரமே கிடையாது. இந்தத் தடவை வியட்நாம் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. கட்சி நிறுத்தியிருப்பதோ துணை ஜனாதிபதியை. போரை நடத்துகிற ஜனாதிபதி பக்கத்தில் நாலு வருஷம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த மனுஷன். போரை முடிக்கத் தனக்கு வழி தெரியும் என்கிறான் எதிர்க்கட்சிக்காரன். புளுகு! பணக்காரன் கட்சி என்றைக்கு ஏழை வீட்டுப் பிள்ளைக்காகக் கவலைப்பட்டது? காசிமிரின் அப்பாவுக்குப் பஞ்ச காலத்தில் சோறு போட்டது கட்சி. அவனுக்குச் சாக்கடை இலாகாவில் வேலை வாங்கிக் கொடுத்தது கட்சி. தெருவில் குப்பைத் தொட்டி உடைந்தால் மாற்றித் தருகிறவன் யார், அந்தப் பணக்காரனா? இதையெல்லாம் அவன் யாரிடம் வேண்டுமானாலும் அடித்துப் பேசுவான்.

ஆனால் இப்போது அவன் கவலை கட்சிக்காக இல்லை. அவன் மகன் லென்னி லூசியானாவில் ராணுவப் பயிற்சியில் இருந்தான். டிசம்பரில் வியட்நாமுக்குக் கப்பலேற்றி விடுவார்கள் என்று பேச்சு. போன மாதம் காசிமிர் வெட்கத்தை விட்டு வார்டு தலைவர் கார்மடியிடம் போய் நின்றான்.

"உன் வட்டத்த ஜெயிச்சுக் கொடுய்யா. வாஷிங்டனுக்கு ஒரு போன் போடறேன். உன் பையன் ஜெர்மனியில உக்காந்து டைப் அடிப்பான்" என்றார் கார்மடி.

சாயங்காலம் ஆகியும் எதிர்வரிசை வீட்டுப் பெண்கள் ஒருத்தியும் ஓட்டுப் போட வரவில்லை. பெர்னிஸ் ஜுகாஸ் வந்தால்தான் அவர்கள் வருவார்கள். போன வசந்தத்தில் அவள் மகன் ஆல்ஜி வியட்நாமில் செத்துப்போனதிலிருந்து அந்த வரிசையே அவள் முகத்தைப் பார்த்துத்தான் எதையும் செய்தது. அந்த வீட்டுப் படியேறத்தான் காசிமிருக்கு இத்தனை நாளாகக் கால் வரவில்லை. இனி தள்ளிப்போட முடியாது என்று போய்க் கதவைத் தட்டினான்.

"என்ன காஸ், வழி தெரிஞ்சுதா?" என்றாள் பெர்னிஸ். உள்ளே வா என்று சொல்லவில்லை. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்; அந்த நாளில் கூப்பிட்ட பேர்தான் காஸ்.

"பூத் மூடப்போறாங்க. நீ இன்னும் வரலியே."

"யாருக்குப் போட வரணும்? எம்புள்ளைய அனுப்பினவனுக்கா?"

"அவரு அனுப்பல பெர்னிஸ். துணை ஜனாதிபதின்னா வாயக் கட்டிப்போட்ட மாதிரி. பதவிக்கு வந்ததும் பாரு, மொத வேலையா நிறுத்திடுவாரு."

"இத நீ நம்பறியா?"

காசிமிர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"ஆல்ஜி அடக்கத்துக்கு வந்தவங்க எல்லாம் என் முகத்தப் பாக்கல. நீ மட்டும்தான் பாத்து அழுதே" என்றாள் பெர்னிஸ். "அதனால கேக்கறேன். உனக்கு என்ன வேணும்? உண்மையச் சொல்லு."

சொல்லிவிட்டான். கார்மடி, போன், ஜெர்மனி, எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அசிங்கமாக இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் வந்து, என் பிள்ளையைக் காப்பாற்று, அதற்கு உன் பிள்ளையைக் கொன்ற கூட்டத்துக்கு ஓட்டுப் போடு என்று கேட்கிறவன் மனுஷனா?

பெர்னிஸ் கதவைச் சாத்திக்கொண்டாள். முடிந்தது என்று அவன் இரண்டு படி இறங்கினான். மறுபடி கதவு திறந்தது. அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"இப்படி ஒருத்தன்கிட்டப் போய்க் கேக்கலாம்னு எனக்குத் தெரியாமப் போச்சே, காஸ். தெரிஞ்சிருந்தா அந்த ஆளோட காலப் பிடிச்சிருப்பேன்."

அவளே வீடு வீடாகத் தட்டினாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வார்த்தைதான். "லென்னிக்காக. வேற எதுவும் யோசிக்காத."

பெண்கள் திரைக்குள் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. கடைசியாக பெர்னிஸ் போனாள். அவளுடைய பழுப்பு ஷூ உள்ளே அசையாமல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பூத் அதிகாரி கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். காசிமிர் சட்டைக் காலரை விரலால் இழுத்துவிட்டுக்கொண்டான். ஒருவழியாக லீவர் விழுந்த சத்தம் கேட்டது.

"கை போகல" என்றாள் வெளியே வந்தவள். "ஆனா போட்டுட்டேன். பெரிய லீவரத்தான் இழுத்தேன்."

வட்டத்தில் கட்சி ஜெயித்துவிட்டது. அடுத்த தெருக்களெல்லாம் கவிழ்ந்தன, இது மட்டும் நின்றது. காசிமிர் ஓட்டமாக வீட்டுக்குப் போய், அடுப்படியில் நின்ற மனைவி ஓனாவைக் கட்டிக்கொண்டான். "ஆச்சு ஓனா, நம்ம பையன் ஜெர்மனிக்குப் போறான்." அவசரக்குடுக்கை.

மறுநாள் மத்தியானம் அவன் போனபோது கார்மடியின் அறையில் ரேடியோ அணைந்திருந்தது. மாநிலமும் போச்சு, நாடும் போச்சு.

"நல்ல வேலை செஞ்சேய்யா நோர்கஸ்" என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமல்.

"அந்த போன், சார்..."

"யாருக்குய்யா போடச் சொல்றே? அங்க ஒவ்வொருத்தனும் வேற வேலை தேடிக்கிட்டிருக்கான். காலையிலேருந்து நான் போட்ட ஒரு போனையும் எவனும் எடுக்கல."

"புது ஆளு ஜனவரியிலதானே சார் வர்றான்? அதுவரைக்கும் நம்ம ஆளுங்கதானே இருப்பாங்க?"

"தோத்தவன் பேச்ச ராணுவத்துல எவன்யா கேப்பான்? உன்ன மாதிரி இன்னும் ஏழு பேர் வெளியில உக்காந்திருக்காங்க, போ."

காசிமிர் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தான். தெருமுனையில் பெர்னிஸ் வாசலில் உதிர்ந்த இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வேறு வழியாகப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். அவள் பார்த்துவிட்டாள்.

"லென்னிக்குச் சொல்லிட்டாங்களா?"

அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று. நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொன்னான். அவள் துடைப்பத்தின் மேல் சாய்ந்துகொண்டாள்.

"அந்தாளுக்குப் போய்ப் போட்டேனே, காஸ்" என்றாள். "ஆல்ஜிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போட்டேன்."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஓனாவுக்குத் தெரியுமா?"

"ஆச்சுன்னு நேத்தே சொல்லிட்டேன். காலையில லென்னி போன் பண்ணினான். அவன்கிட்டயும் சொல்லிட்டா."

பெர்னிஸ் துடைப்பத்தைப் படியில் சாத்தினாள். இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஆல்ஜி சேதி சொல்ல வந்தவன் வாசல்லயே நின்னு சொல்லிட்டுப் போயிட்டான். நீ அப்படிச் சொல்லாத. அவள உக்கார வச்சுச் சொல்லு" என்றாள். "வா, நானும் வரேன்."

அவள் முன்னால் நடந்தாள். காசிமிர் இரண்டடி பின்னால் வந்தான். சமையலறை ஜன்னல் வழியாக இவர்கள் வருவதைப் பார்த்துவிட்டு, ஓனா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.