மணிக்குள் ஒரு பெயர்

1921 மார்ச், புதன்கிழமை, பகல் பதினொன்றே கால். ஆடா பென்ஃபோல்ட் கோஸ்போர்ட் துறையில் படகை விட்டு இறங்கினாள். கையில் ஒரு பென்சில், சுருட்டிய மெல்லிய தாள்.

கப்பல் உடைக்கும் தளத்தில் ரட்லாந்து என்ற கப்பல் பாதி வெட்டுண்டு கிடந்தது. நான்கு புகைபோக்கிகளில் ஒன்றுதான் மிச்சம். அவள் கணவன் வால்ட்டர் அந்தப் போர்க்கப்பலின் கொதிகலனுக்குப் பன்னிரண்டு வருடம் கரி அள்ளிப் போட்டவன். இப்போது அதே கொதிகலனை வெட்டுகிற ஆட்களில் ஒருவன்.

"மணியப் பாக்கன்னு வந்து நிக்காத, ஆடா. கறுத்துப்போச்சு, ஒரு எழுத்து தெரியல" என்று காலையில்கூடச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

நாளை அந்தக் கப்பலின் மணி உருக்கு உலைக்குப் போகிறது. கப்பல்காரர்களின் குழந்தைகளுக்கு அந்த மணியைக் கவிழ்த்து, நீர் ஊற்றி, அதில்தான் ஞானஸ்நானம். பெயரை மணியின் உட்புறத்தில் வெட்டிவிடுவார்கள். ஐவியின் பெயரும் அதில் இருந்தது. இரண்டு வயதில் தொண்டை அடைப்பான் வந்து இறந்துபோனவள். அவளைப் படம் எடுத்ததில்லை. கல்லறையில் நட்ட மரச்சிலுவை உளுத்து விழுந்துவிட்டது. தன் கல்யாண உடுப்பை வெட்டி ஆடா தைத்த ஞானஸ்நானச் சட்டையும் இல்லை. நினைவுக்கு வேண்டும் என்று வால்ட்டர் அதைக் கடலுக்குக் கொண்டுபோனான். பெட்டிக்குள் உப்புத்தண்ணீர் புகுந்து மட்கிவிட்டதாக எழுதினான்.

கொட்டகையில் மேஸ்திரி டிம்ஸ் மணியைச் சாக்கின்மேல் சாய்த்து வைத்திருந்தார்.

"நல்லா தேய்ச்சு எடுத்துக்கோங்க, மிசஸ் பென்ஃபோல்ட். நாளைக்கு இது எந்த வீட்டுக் குழாயாகுமோ."

வெண்கலம் கறுத்திருக்கவில்லை. ஆடா உள்ளே தாளை அழுத்திப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தாள். சாம்பல் நிறத்தில் பெயர்கள் எழும்பி வந்தன. ஐவி பென்ஃபோல்ட், 3 மே 1908. அவள் விரலால் அதைத் தொட்டாள். தாள் முடியும்வரை தேய்க்கலாம் என்று தோன்றியது. நான்கு பெயர் தள்ளி இன்னொன்று வந்தது. ஐவி பென்ஃபோல்ட்.

டிம்ஸ் எட்டிப் பார்த்தார். "ரெண்டு தடவ வெட்டியிருக்கான் பாருங்க. அன்னிக்கு ரம் கொஞ்சம் தூக்கலாப் போச்சு போல."

"தேதி வேறயா இருக்கு."

13 அக்டோபர் 1912. ஐவியைப் புதைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

சுவரில் கப்பலின் விற்பனை அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதில் ரட்லாந்தின் வாழ்க்கை முழுதும் ஆறு வரியில் இருந்தது. 1904, கடலில் இறக்கம். 1908, தாய்நாட்டுக் கடற்படை அணி. மூன்றாவது வரியில் அவள் நின்றாள். ஜனவரி 1911 முதல் ஜூன் 1913 வரை, மால்டா தீவு. அந்த இரண்டரை வருடம் அவன் வீட்டுக்கு வரவே இல்லை. ஞாயிறுதோறும் அவள் கடிதம் எழுதினாள். மணியில் இருந்த அந்த அக்டோபர் நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கும்.

"கப்பல்ல வேற பென்ஃபோல்ட் யாராச்சும் இருந்தாங்களா?"

"எனக்கெங்க தெரியும்? அதோ உங்க வீட்டுக்காரரே வர்றாரு, அவரையே..." டிம்ஸ் அவள் முகத்தைப் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வால்ட்டர் சாப்பாட்டுத் தகரப்பெட்டியோடு வாசலில் நின்றான். அவன் பார்வை முதலில் தாளுக்குத்தான் போனது. வெளியே ஓர் இரும்புத் தகடு விழுந்தது. தரை அதிர்ந்தது.

"எல்லாரும் அவங்கவங்க குழந்தையக் கொண்டுவந்தாங்க, ஆடா" என்றான் கடைசியில். "நானும் அங்க பொறந்தவளத் தூக்கிட்டு நின்னேன். பாதிரியார் பேர் கேட்டாரு. எனக்கு வேற பேரு எதுவும் வாயில வரல."

ஆடா தாளைச் சுருட்ட ஆரம்பித்தாள். இரண்டாவது பெயர் உள்ளே மறைந்தது. பிறகு முதல் பெயர். சுருளின் மேல் அவளுடைய கட்டைவிரல் ரேகை கரியாகப் பதிந்திருந்தது.

"அந்தச் சட்டை அவளுக்கு அளவா இருந்துச்சா, வால்ட்?"