ஐந்தாம் குழாயில் வெறும் தண்ணீர்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. அக்கா எழுதச் சொன்னாள். சொன்னாள் என்பதுகூட மரியாதைக்குத்தான்.

"நீ பண்ண காரியத்துக்கு இதைக் கதையா எழுது. ஆனா உன்னை நல்லவனாக் காட்டி எழுதினே, தொலைச்சிடுவேன்."

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். அவள் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறவள். உண்மைக்கு ஒன்று, பொய்க்கு ஒன்று என்று பெற்றிருக்கிறேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்வார். சரி, தொடங்குகிறேன்.

அந்த ஊதா வெளிச்சத்தில் அக்காவின் முகம் ஒரு தேவதையின்—

வேண்டாம். படித்தால் சிரித்தே மானத்தை வாங்கிவிடுவாள்.

உலோக அயனிகளைக் கண்டறிய உதவும் ஒளிரும் மூலக்கூறுகள் குறித்த ஆய்வானது—

இதை நானே படிக்கமாட்டேன்.

ஒரு மூலக்கூறு இருந்தது. அதற்கு யாரையும் பிடிக்காது.

ஆங், இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

ஒரு மூலக்கூறு இருந்தது. அதற்கு யாரையும் பிடிக்காது. அதன் முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும் என்பதால், ஆய்வகத்தில் எல்லோரும் அதைச் சிடுமூஞ்சி என்றே அழைத்தார்கள். அக்கா செய்து பார்த்ததில் அது நாற்பத்து மூன்றாவது. முந்தைய நாற்பத்திரண்டும் கண்டவர்களைப் பார்த்துப் பல்லிளித்தன. அதுதான் அவற்றின் குறை.

விஷயம் இதுதான். சிடுமூஞ்சியைத் தண்ணீரில் கரைத்துப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் இருட்டாகவே இருக்கும். இரும்பு அயனியைச் சேருங்கள், இருட்டு. செம்பு, இருட்டு. சுண்ணாம்பு, உப்பு, எதற்கும் அசையாது. துத்தநாகம் ஒரு துளி சேர்ந்தால் போதும், குழாய் முழுக்கப் பச்சையாக ஒளிரும்.*

"சிரிக்குது பாரு, சிரிக்குது பாரு" என்று அக்கா குதித்த நாளில் நான் நேரில் இல்லை. தொலைபேசியில் குதித்தாள். ஆய்வகத்துக்குக் கீழ்த்தளத்தில் இருப்பவர் மேலே வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாராம்.

(* அயனி என்றால், தண்ணீரில் கரைந்து மின்சுமையோடு திரியும் உலோகம். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் எட்டாது. அதைக் காட்டிக்கொடுக்கத்தான் சிடுமூஞ்சி. இந்த அடிக்குறிப்பை அக்கா திருத்திக் கொடுத்தாள். நான் எழுதியிருந்தது அச்சில் ஏறாமல் போனது எல்லோருக்கும் நல்லது.)

3

துறைத்தலைவருக்கு ஆய்வகத்தில் 'ஆனா' என்று பெயர். "ரொம்ப நல்லா இருக்கு" என்பார். ஒரு மூச்சு விடுவார். அடுத்து என்ன சொல் வரும் என்று கதவுக்கு வெளியே நிற்பவருக்கும் தெரியும்.

[முதல் வரைவில் இவர்தான் வில்லன். புருவத்தைத் தடிப்பாக்கி, செருப்புக்குச் சத்தமெல்லாம் கொடுத்திருந்தேன். "அவர் மட்டும் சந்தேகப்படலைன்னா நான் ரெண்டாவது மூலக்கூறிலேயே நின்னிருப்பேன்" என்றாள் அக்கா. புருவத்தைக் குறைத்துவிட்டேன். செருப்பையும் மாற்றிவிட்டேன்.]

சிடுமூஞ்சியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா, எதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே பார்த்தா, நமக்கு வேணுங்கறதுதான் கண்ணுல படும். எட்டுக் குழாயை வேற யாராவது கலக்கட்டும். எதுல துத்தநாகம்னு நீங்க சொல்லுங்க. ஒண்ணு தப்பினாலும் இதை மூட்டை கட்டிடலாம்."

மூட்டை கட்டினால் அக்கா பக்கத்து அறைக்குப் போக வேண்டும். அங்கே சுவருக்குப் பூசும் பெயிண்ட் எத்தனை மணி நேரத்தில் காய்கிறது என்று பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஆள் போதவில்லை.

"மூணு வருஷம்டா" என்றாள் அக்கா வீட்டுக்கு வந்து. "கடைசியில பெயிண்ட் காயுறதை வேடிக்கை பார்க்கணுமா?" சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

யார் கலக்குவது? வேதியியல் தெரியாத ஆளாக இருந்தால் நல்லது என்றார் தலைவர். அப்படி ஒருவன் தன் வீட்டிலேயே இருக்கிறான் என்றாள் அக்கா.

"தம்பியா? ஆனா..."

"அவன் எனக்கு ஒத்தாசை பண்ணதா சரித்திரமே இல்ல, சார்."

இப்படியாக எழுத்தாளன் தன் கதைக்குள் நுழைந்தான்.

4

காலை பதினொரு மணி. சன்னலோர மேசையில் எட்டுக் குழாய்கள், எட்டு மூடிகள், புட்டிகள். இரண்டில் துத்தநாகம், மூன்றில் வேறு உலோகங்கள், மூன்றில் வெறும் தண்ணீர். எதில் எது என்பது என் இஷ்டம். அதைச் சீட்டில் எழுதி மடித்துத் தலைவரிடம் தர வேண்டும். அக்கா வெளியே நிற்பாள்.

வெறும் தண்ணீர்க் குழாயை அவர்கள் 'பிளாங்க்' என்கிறார்கள். எனக்கும் அந்தச் சொல்லோடு பழக்கம் உண்டு. தினமும் காலையில் எதிரே உட்கார்ந்து முறைக்கும் தாள் அது. என் பிளாங்க் எதையாவது காட்டித் தொலைக்க வேண்டும். அக்காவின் பிளாங்க் எதையும் காட்டிவிடக் கூடாது.

வெளியே போகுமுன் அக்கா சொன்னாள்: "கையுறையைக் கழட்டாத. எட்டையும் மூடி போட்டுப் பத்துத் தடவை குலுக்கு. சொந்தமா எதையும் யோசிக்காத."

நான்கு குழாய்கள் ஒழுங்காகப் போயின. ஐந்தாவதன் மூடி கைநழுவி மேசைக்கடியில் உருண்டது. குனிந்து தேடினேன். வழவழவென்ற கையுறையில் பிடி கிடைக்காததால் கழற்றினேன். அப்படியும் எட்டவில்லை. ஐந்தில் இருந்தது வெறும் தண்ணீர்தானே? கட்டைவிரலால் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு பத்துத் தடவை குலுக்கினேன். பிறகு துடைப்பத்தால் மூடியைத் தள்ளி எடுத்து, கழுவிப் போட்டேன். கையுறையை மாட்டிக்கொண்டேன். மற்ற மூன்றையும் முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றிப் போட்டேன்.

"சொன்னபடி பண்ணீங்கதானே?" என்றார் தலைவர்.

"ஆமாம் சார்" என்றேன்.

5

திரையை இழுத்துவிட்டார்கள். அக்கா ஒவ்வொரு குழாயிலும் சிடுமூஞ்சியை ஒரு சொட்டு விட்டு விளக்கின் கீழ் நீட்டினாள். ஒன்று, இருட்டு. இரண்டு, பச்சை. மூன்றும் நான்கும் இருட்டு. ஐந்து—

பச்சை. கொஞ்சம் மங்கல். ஆனால் பச்சை பச்சைதான்.

ஆறு, இருட்டு. ஏழு, பச்சை. எட்டு, இருட்டு.

"ரெண்டு, அஞ்சு, ஏழு" என்றாள் அக்கா, திடமாக.

தலைவர் சீட்டைப் பிரித்தார். படித்தார். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார், குரலே இல்லாமல். மூச்சு விட்டார். "ஆனா அஞ்சு வெறும் தண்ணின்னு எழுதியிருக்கே, அம்மா."

[இந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசியதாக ஒரு வரைவில் எழுதியும் பார்த்தேன். "நிறுத்துங்கள், தவறு என்னுடையது!" என்று எழுந்து— பொய். உட்காரவே நாற்காலி இல்லை.]

அக்கா சீட்டைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். இரண்டில் ஒன்றைத் தப்பு என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் சொல்லவில்லை.

"சார், என் தம்பி எழுதுற கதைதான் பொய். அவன் பொய் சொல்ல மாட்டான். வெறும் தண்ணின்னா வெறும் தண்ணிதான் ஊத்தியிருப்பான். சிடுமூஞ்சியும் சும்மா சிரிக்காது. அப்போ ஊத்தினதுக்கு அப்புறம் என்னமோ உள்ள போயிருக்கு."

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. அக்கா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"டேய், கழுத்துல என்ன ரோஸ் கலரா?"

"வேர்க்குரு. காலையில காலமைன் லோஷன் போட்டேன்."

"எந்தக் கையால?"

அடுத்த நொடி என் கட்டைவிரல் விளக்கின் கீழே இருந்தது. [எப்படி அங்கே போனது என்பதில் ஒரு தகராறு இருக்கிறது. பிறகு வருகிறேன்.] அக்கா அதன்மேல் சிடுமூஞ்சியை ஒரு சொட்டு விட்டாள்.

என் ரேகை ஒவ்வொன்றும் பச்சையாக எரிந்தது.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அக்கா சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். தலைவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரும் கேட்காமலே தன் கட்டைவிரலை நீட்டினார். அதிலும் ஒரு சொட்டு. இருட்டு. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுதான் நினைக்கிறேன்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார். மூச்சு விட்டார். காத்திருந்தோம். அவ்வளவுதான், வேறொன்றும் வரவில்லை.

மத்தியானம் அவரே எட்டுக் குழாயையும் கலக்கிக் குலுக்கினார். எட்டும் சரி. பெயிண்ட் அறைக்கு வேறு ஆள் தேடுகிறார்கள்.

(அந்த லோஷனில் இருப்பது துத்தநாக ஆக்சைடு. புட்டியிலேயே எழுதியிருக்கிறதாம். நான் எழுதுகிறவன், புட்டிகளைப் படிக்கிறவன் அல்ல.)

6

இனி முடிவு. தலைவர் அக்காவுக்குக் கைகொடுக்கும் முடிவு ஒன்று வைத்திருந்தேன். அக்கா என் காதைத் திருகும் முடிவு இன்னொன்று. இரண்டும் நடந்தவைதான். காது இன்னும் வலிக்கிறது.

தகராறு வேறு. என் வரைவில் இப்படி இருந்தது: "அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து விளக்கின் கீழ் இழுத்தாள்." கதையைப் படித்த அக்கா அதை அடித்துவிட்டு, மேலே சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: "அவனே நீட்டினான்."

"நீதானேக்கா இழுத்தே?"

"இல்லடா. எந்தக் கையாலன்னு கேட்டு வாயை மூடல, நீயே நீட்டிட்டே. அழுற மாதிரி மூஞ்சிய வெச்சிருந்தே."

"என்னை நல்லவனாக் காட்டக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"நீ காட்டக் கூடாதுன்னேன். நான் காட்டலாம்."

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவள்தான் இழுத்தாள். அவளுக்கும் நன்றாக நினைவிருக்கிறது. மறுபடியும் சீட்டு ஒன்று சொல்கிறது, குழாய் ஒன்று சொல்கிறது. எங்களில் உண்மைக்கென்று பெற்றது அவளைத்தான். ஆனால் தம்பி விஷயத்தில் அவளைச் சாட்சிக்கு அழைக்க முடியாது என்பதை ஐந்தாம் குழாயிலேயே பார்த்துவிட்டோம்.

அதனால் அந்த வரியை நான் எழுதப் போவதில்லை. இடம் விட்டிருக்கிறேன், நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். வெறும் தாள்தானே என்று மட்டும் நினைக்காதீர்கள். தொடுமுன் கையைக் கழுவிவிடுங்கள்.

"எந்தக் கையால?" என்று அக்கா கேட்டாள்.

[                                        ]

என் கட்டைவிரல் விளக்கின் கீழே இருந்தது.