புளி இனித்த வியாழக்கிழமை

"எவன்டா இதுல வெல்லத்த அள்ளிக் கொட்டுனது?"

நாகஜோதி போட்ட சத்தத்தில் கொட்டகைக் கூரையில் உட்கார்ந்திருந்த காகம் எழுந்து போனது. விருமாண்டி மட்டும் அசையவில்லை. பதினைந்து வருடமாக அவளிடம் அண்டா கிண்டுகிறவன். சமையலில் எது பிசகினாலும் முதல் வசவு தனக்குத்தான் என்பது அவனுக்குப் பழகிப்போன சங்கதி. கொதித்துக்கொண்டிருந்த புளிக்காய்ச்சலில் ஒரு சொட்டு எடுத்து ஊதி நாக்கில் வைத்தான். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"வெல்லப் பொட்டலத்த இன்னும் பிரிக்கவே இல்லக்கா. புளி பல்லக் கூசுது."

அவள் கரண்டியைப் பிடுங்கி மறுபடியும் ருசி பார்த்தாள். பானகம் மாதிரி இனித்தது. வீட்டுக்குள் ஓடி ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து, அரிந்து வாயில் பிழிந்தாள். கமலா ஆரஞ்சு தோற்றுவிடும், அப்படி ஓர் இனிப்பு. மிச்சத்தை மேசைமேல் போட்டாள். அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. திங்கட்கிழமை மோர் இனித்தது. பால்காரர் ஏதோ கலந்துவிட்டார் என்று அவரை ஒரு பிடி பிடித்தாள். செவ்வாய்க்கிழமை ரசம் இனித்தது. மத்தியானத்துக்குள் நாக்கு தானாகச் சரியாகிவிட்டாலும், சர்க்கரை வியாதியாக இருக்குமோ என்று பயந்து ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. உறைப்பு தெரிகிறது, உப்பு தெரிகிறது, புளிப்பு ஒன்றுதான் வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. இப்படி ஒரு நோயை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

மற்றவர்களுக்கு நாக்கு சாப்பிடவும் பேசவும். நாகஜோதிக்கு அதுதான் பிழைப்பு. கீழக்குயில்குடியில் தன் வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு, சுற்றுவட்டாரத்து விசேஷங்களுக்கெல்லாம் சமைத்துக் கொடுக்கிறவள். கொரோனா வந்து போன பிறகு ஒரு மாதம் அவளுக்கு ருசியே இல்லாமல் போயிற்று. யாரிடமும் சொல்லாமல் பேரையூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்குச் சமைக்கப் போனாள். சாம்பாரில் உப்பு இரண்டு மடங்காகிவிட்டது. பந்தியில் இலைகள் சோற்றோடு அப்படியே மூடிக் கிடந்ததை அவள் தன் கண்ணால் பார்த்தாள். அதன்பின் வந்த வேலையெல்லாம் நாகமலைப் பக்கத்துச் சமையல்காரர் பால்பாண்டிக்குப் போயிற்று. அன்றிலிருந்து அவள் உப்பைக் கையால் அள்ளியதே இல்லை. டம்ளரில் அளந்து, அதையும் இரண்டு முறை பார்த்துத்தான் போடுவாள்.

நாளைக்கு ஆடிக் கடைசி வெள்ளி. அதே பேரையூர்ப் பக்கத்து ஊரில், அம்மன் கோயில் அன்னதானம். அறுநூறு பேருக்குப் புளியோதரை. நாலு வருடம் கழித்து அந்த ஊர்க்காரர்களே மனது வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போதா தாழி உடைய வேண்டும்?

"நான் ருசி பாத்துச் சொல்றேன்க்கா" என்றான் விருமாண்டி.

நல்ல மனுஷன்தான். ஆனால் அவன் நாக்குக்குப் புளிக்கிறது, புளிக்கவில்லை என்ற இரண்டுதான் தெரியும். எம்புட்டு புளிக்கிறது என்று கேட்டால் முழிப்பான். நாகஜோதி எழுந்து, மேசையிலிருந்த கிண்ணத்தை இழுத்து, அதில் கிடந்த சிவப்புப் பழத்தில் ஒன்றை எடுத்து யோசனையோடு மென்றாள். கவலை வந்தால் அவளுக்கு எதையாவது மெல்ல வேண்டும்.

அந்தப் பழம் மாடித் தொட்டியில் காய்த்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் தமிழ்வாணி, நாலைந்து வருடத்துக்கு முன் பொருட்காட்சியில் வாங்கிக் கொடுத்த செடி. விற்றவர் ஏதோ செர்ரி என்று சொன்னாராம். போர்த் தண்ணீரின் உப்பில் ரோஜா செத்தது, மல்லிகை செத்தது, இது மட்டும் மஞ்சள் பாய்ந்து இழுத்துக்கொண்டு கிடந்தது. ஒருநாள் குப்பை வண்டி வரவில்லை என்று, புளி கரைத்த சக்கையையும் எலுமிச்சைத் தோலையும் அந்தத் தொட்டியில் கொட்டினாள். பத்தே நாளில் கொழுந்து விட்டது. அதிலிருந்து புளிச்சக்கைதான் அதற்குச் சாப்பாடு, மழை பெய்தால் பிடித்து வைத்த தண்ணீர்தான் குடிப்பதற்கு. இடுப்புயரம் வளர்ந்து, இந்த ஆடியில்தான் முதல் காய்ப்பு. கோவைப்பழத்தில் பாதி அளவு, உள்ளே ஒற்றைக் கொட்டை, அதைச் சுற்றி மெல்லிசாகச் சதை. ருசி என்று பெரிதாக ஒன்றுமில்லை. மைனா தின்றது, அதனால் அவளும் தின்றாள். மைனா வயிறு வேறு, மனுஷ வயிறு வேறு என்பதெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. கையால் வளர்த்தது வீணாகப் போகலாமா என்று, நாலு நாளாகக் காலையில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் பறித்து மென்றுவிட்டு, மிச்சத்தைக் கிண்ணத்தில் கொண்டுவருகிறாள்.

கடைசியில் மானத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பால்பாண்டிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நான் நாகஜோதி பேசுறேன். ஒரு நடை வந்து என் புளிக்காய்ச்சல ருசி பாக்கணும். எனக்கு நாக்கு செத்துப் போச்சுண்ணே."

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "இந்தா வாரேன்" என்றார்.

அரை மணியில் பைக் வந்து நின்றது. பால்பாண்டி அறுபதை நெருங்குகிறவர், தொப்பைக்கு மேலே எப்போதும் ஒரு துண்டு. ஏளனம் செய்வார் என்று நாகஜோதி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்து, கரண்டியில் புளிக்காய்ச்சலை எடுத்து ஆற்றுவதற்குள், மேசையிலிருந்த பழத்தில் இரண்டைப் பழக்கதோஷத்தில் வாயில் போட்டுக் கொட்டையைத் துப்பியும்விட்டார்.

"இதென்ன பழம், சப்புன்னு இருக்கு?" என்றபடி உள்ளங்கையை நீட்டினார்.

அவள் ஊற்றினாள். அவர் நக்கினார். நெற்றி சுருங்கியது. மறுபடி நக்கினார்.

"ஏம்மா ஜோதி, இது புளிக்காய்ச்சலா, பாயாசமா? இம்புட்டு வெல்லமா போடுவாக?"

நாகஜோதி கரண்டியைக் கீழே போட்டாள். "அண்ணே, உங்களுக்குமா இனிக்குது?"

விருமாண்டி ஓடிவந்து ஒரு சொட்டு நக்கிப் பார்த்தான். அவனுக்கு வழக்கம்போல ஒரு கண் மூடியது. "புளி அப்படியேதான்க்கா இருக்கு."

பால்பாண்டிக்கு முகம் வெளுத்தது. எழுந்து நாலடி தள்ளிப் போய், துண்டால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். "ஆத்தாடி, ஒட்டுவாரொட்டியா இது? வந்த ஒடனே எனக்கும் ஒட்டிக்கிருச்சே!" துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "மறுபடியும் என்னால முடியாதும்மா."

"மறுபடியுமா?"

துண்டு மெல்லக் கீழே இறங்கியது. "கொரோனாவுல எனக்கும்தான் நாக்கு போச்சு. ரெண்டு மாசம். என் வீட்டுக்காரிய வேன்ல ஏத்திக்கிட்டுப் போயி, அவ நாக்குலதான் ருசி பாத்தேன். வெளிய சொன்னா பொழப்பு போயிருமேன்னு வாயத் தொறக்கல. உனக்கு அந்தக் காதுகுத்துல நடந்தத கேட்டப்ப, எனக்கு நடக்க வேண்டியதுன்னுதான் நெனச்சேன்."

நாகஜோதி கீழே கிடந்த கரண்டியை எடுத்து அலம்பினாள். நாலு வருடமாக இந்த மனுஷனைச் சபித்தது அத்தனையும் நெஞ்சில் வந்து நின்றது. தனக்கு மட்டும் வந்த அசிங்கம் என்று நினைத்து மூடி வைத்ததை இவரும் மூடித்தான் வைத்திருந்திருக்கிறார்.

அவர்கள் இரண்டு பேரும் இப்படிக் கலங்கி நிற்க, விருமாண்டி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நீங்க ரெண்டு பேரும் அந்தப் பழத்தத் தின்னீக. நான் தின்னல."

யாரும் பதில் சொல்லுமுன் ஒரு பழத்தை வாயில் போட்டு, சதையை நாக்கெல்லாம் படும்படி உருட்டி, கொட்டையைத் துப்பினான். கொஞ்சம் பொறுத்து, அரிந்து கிடந்த எலுமிச்சையைக் கடித்தான். இரண்டு கண்ணும் விரிந்தன. சாறு தாடையில் வழிய மிச்சத்தையும் தோலோடு கடித்தான்.

"யக்கா! தேனு!"

நாகஜோதி மாடிக்கு ஓடி, செடியையும் பழத்தையும் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். கால் மணியில் தமிழ்வாணி போனில் வந்தாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

"அம்மா, நர்சரிக்காரருக்குப் படத்த அனுப்பிக் கேட்டேன். அதுக்கு மிராக்கிள் ஃப்ரூட்னு பேராம், ஆப்பிரிக்காப் பழம். தின்னா ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரத்துக்குப் புளிப்பெல்லாம் இனிக்குமாம். அப்புறம் தானாச் சரியாயிருமாம். ஒரு சந்தேகம் கேட்டார்மா. அதுக்குப் புளிச்ச மண்ணு வேணுமாமே, நம்ம உப்புத் தண்ணியில எப்படிப் பொழச்சுச்சுன்னு."

"நாந்தான்டி புளியப் போட்டு வளத்தேன்" என்றாள் நாகஜோதி. சொன்னதும் சிரிப்பு பொங்கியது. புளியைத் தின்று வளர்ந்து, வளர்த்தவள் நாக்கிலிருந்தே புளியைத் திருடியிருக்கிறது! சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வியாதி இல்லை. நாக்கு எங்கேயும் போகவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு மூன்று பேரும் கொட்டகை நிழலில் காத்திருந்தார்கள். நடுவில் ஒரு தட்டில் எலுமிச்சைத் துண்டுகள். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஆளுக்கொரு நக்கு. "இன்னும் தேனுதான்" என்பார் பால்பாண்டி. தன் வீட்டுக்காரி ருசி பார்த்துவிட்டு அதட்டிய கதையையெல்லாம் சொன்னார். சமணர் மலைக்கு மேலே வெயில் ஏறிக்கொண்டே போனது.

பன்னிரண்டு மணிக்கு நாகஜோதி எலுமிச்சைத் துண்டை வாயில் வைத்தாள். தாடை இழுத்தது, கண்ணில் நீர் முட்டியது. புளித்தது! பழைய, அசல், பொல்லாத புளிப்பு.

நேரே அண்டாவுக்குப் போனாள். ஒரு சொட்டு எடுத்து, கண்ணை மூடி, நாக்கில் நிறுத்தினாள்.

"புளி சரி. வெந்தயம் சரி. உப்பு பத்தல."

விருமாண்டி டம்ளரைத் தேடினான். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. உப்புச் சாடிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி அண்டாவைச் சுற்றித் தூவினாள். பால்பாண்டியின் வாயிலும் புளிப்பு திரும்பியிருந்தது. ருசி பார்த்துவிட்டுக் கரண்டியை அண்டா விளிம்பில் வைத்தார்.

"அம்புட்டுதான்" என்றார். "இனி ஒரு கல்லு கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

"என்னடா வேடிக்க? அடுப்பப் பத்த வையி!" என்று நாகஜோதி விருமாண்டியை ஒரு பிடி பிடித்தாள். அவன் சிரித்துக்கொண்டே தீப்பெட்டியைத் தேடினான்.