நயினாரின் வலது கை

முருகேஸ்வரி பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்த வாரம் அவள் அப்பா நயினாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. ஆறுமுகநேரியில் அவர் வைத்திருந்த ஜவுளிக்கடையைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். கணிதம் படிக்க ஆசைப்பட்டிருந்த முருகேஸ்வரியை, அம்மா முத்துக்கனி பிசியோதெரபியில் சேர்த்துவிட்டாள்.

"நீ படிச்சு வந்துட்டா ஒங்கப்பா கை வந்திரும்ளா" என்றாள்.

நான்கு வருடங்களாகத் தினமும் காலை ஆறு மணிக்கு, தூத்துக்குடி மில்லர்புரம் வீட்டின் முன்னறையில், முருகேஸ்வரி அப்பாவின் மூடிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிடுவாள். அம்மா காபி டம்ளரோடு எதிரே உட்கார்ந்து பார்ப்பாள்.

"நேத்தைக்கு இன்னைக்கு நல்லா விரியுதுல்லா?"

"ஆமாம்மா."

விட்டவுடன் விரல்கள் திரும்ப மூடிக்கொள்ளும்.

முதல் வருடத்து அனாட்டமியும் பிசியாலஜியும் அவளுக்கு இன்னும் அரியராக நின்றன. எலும்பு, தசை எல்லாம் மனப்பாடம். மூளையும் நரம்பும் வரும் இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் பேனா நின்றுவிடும். இரண்டையும் முடித்தால்தான் கடைசி ஆறு மாதப் பயிற்சிக்குப் போகலாம். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனை இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. வீட்டில் அவள் இதைச் சொல்லவில்லை.

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கூடப் படிக்கும் ரம்யா பழைய வினாத்தாள்களோடு வந்தாள். மின்விசிறி முன்னறையில் மட்டும்தான் ஒழுங்காகச் சுற்றும். நயினார் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து இருவரும் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

ரம்யா நிறுத்தாமல் கேட்டாள். தோளைத் தூக்கும் தசை எது, அதற்கு வரும் நரம்பு எது, மணிக்கட்டு தொங்கிப்போனால் அடிபட்டது எந்த நரம்பு. முருகேஸ்வரி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். அன்றைக்கு எதுவும் தட்டவில்லை.

"இடது மூளையில ரத்தக்குழாய் அடைச்சா?"

"வலது கை, கால் விழும். பேச்சு போகும்."

"கை விரல் அசைவு திரும்பி வர்றதுன்னா எப்ப வரும்?"

"முதல் மூணு மாசம். மிஞ்சினா ஆறு மாசம்."

"நாலு வருஷம் ஆயிட்டுன்னா?"

"பெரும்பாலும் வராது. இறுகிப்போகாம பாத்துக்கிடலாம், அவ்வளவுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே உட்கார்ந்து சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கட்டிலில் அசைவில்லை. ரம்யா வாயைப் பொத்திக்கொண்டாள். நயினார் மெல்லத் திரும்பினார். கண் நன்றாக விழித்திருந்தது. முருகேஸ்வரியைப் பார்த்துவிட்டு மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் கையைத் தொட்டதும் அவர் இடது கையால் அவளைத் தள்ளிவிட்டார். அடுத்த நாளும் அப்படித்தான்.

"என்னளா செஞ்ச அவுகள?" என்று முத்துக்கனி கேட்டாள். முருகேஸ்வரி நடந்ததைச் சொன்னாள். அம்மா டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"அந்தப் புஸ்தகத்த எழுதுனவன் ஒங்கப்பாவப் பாத்தானா? நீ பாட்டுக்கு எதையாவது சொல்லிட்டுத் திரியாத. கைய விரிச்சு விடு."

நான்காம் நாள் அம்மா கடைக்குப் போயிருந்த நேரம் நயினார் அவளைக் கூப்பிட்டார். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துக் கேட்டார்.

"எப்பத்துல இருந்து... தெரியும்?"

"ரெண்டாம் வருசத்துல இருந்துப்பா."

"பொறவு ஏன்... தெனம்?"

"நீங்க வந்திரும்னு காத்துக்கிட்டு இருந்தியளே."

அவர் தலையை ஆட்டினார். அடுத்ததைச் சொல்ல வெகுநேரம் பிடித்தது.

"நீ... காத்துக்கிட்டு இருக்கியேன்னுலா... நான் நீட்டுனேன்."

முருகேஸ்வரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கோயம்புத்தூரைப் பற்றிச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "போ" என்றார். அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது.

இரண்டு தாளையும் அவள் நன்றாகவே எழுதினாள். தேறிவிட்டதாகத் தெரிந்த அன்று இரவுச் சாப்பாட்டின்போது கோயம்புத்தூர்ப் பேச்சை எடுத்தாள். முத்துக்கனி சோற்றைப் பிசைந்து நயினாருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்கன ஆஸ்பத்திரியே இல்லையாக்கும். அவ்வளவு தூரம் போயிட்டா இவுக கைய யாரு பாப்பா?"

"அவ... போட்டும்" என்றார் நயினார். அவர் முகம் சிவந்திருந்தது. இன்னொரு முறையும் சொன்னார். "போட்டும்."

பக்கத்து வீட்டாருக்கும் சித்தப்பாவுக்கும் அவர் பேச்சை எடுத்துச் சொல்வது நான்கு வருடமாக முத்துக்கனிதான். அரைச் சொல்லிலேயே புரிந்துகொள்வாள்.

"என்ன சொல்லுதாகன்னே வெளங்கல" என்று அவள் இன்னொரு கவளத்தை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் வாயைத் திறக்காமல் முருகேஸ்வரியைப் பார்த்தார். கவளம் அங்கேயே நின்றது. அம்மாவின் கண்ணில் நீர் முட்டியிருப்பதை முருகேஸ்வரி பார்த்தாள். கோயம்புத்தூர்ப் பேச்சை அத்தோடு விட்டாள்.

கோயம்புத்தூருக்கு வரவில்லை என்று எழுதிவிட்டு, தூத்துக்குடியிலேயே ஒரு மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். காலை எட்டு மணிக்குப் பேருந்து. அதற்கு முன், ஆறு மணிக்கு, நயினார் கையை நீட்டுவார். அவள் விரிப்பாள். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.

"இன்னைக்கு நல்லா விரியுதுல்லா?" என்பாள் முத்துக்கனி.

"ஆமாம்மா" என்பாள் முருகேஸ்வரி. நயினாரும் தலையை ஆட்டுவார்.